ராயபுரத்துக்கு வரவேண்டிய மணல்

சென்னையில் ‘கடற்கரை’ என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் கடைசியாக இறங்கும் இடம். இறங்கி வெளியே வந்து கடலைத் தேடினால் கிடைக்காது. எதிரே ராஜாஜி சாலை, அதற்கப்பால் துறைமுகத்தின் மதில், மதிலுக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் கிரேன்கள். மெரினா என்று நினைத்து இங்கே இறங்கிவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வழி விசாரிக்கும் வெளியூர்க் குடும்பங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் நிலையத்தின் பெயர் பொய் சொல்லவில்லை. துறைமுகம் வருவதற்கு முன் ராஜாஜி சாலைதான் நகரத்தின் முதல் கடற்கரைச் சாலை. ஆங்கிலேயர்கள் அதை அப்படித்தான் அழைத்தார்கள். அடுத்த தெரு இரண்டாம் கடற்கரைச் சாலை. கடல் விலகிப்போன பிறகும் பெயர் மட்டும் விலகாமல் நின்றுவிட்டது.

அங்கிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் ராயபுரம். இங்கே கதை நேர் எதிராக இருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருக்கிறது, கரையைத்தான் காணோம். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்ன இடமில்லை. கருங்கற்களை மலைபோல் கொட்டி அலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கடலை நம்பிப் பிறந்த பேட்டை ஒன்று தன் கடற்கரையை எங்கே தொலைத்தது என்று கேட்டால், அதற்கான விடை ஐந்தாறு கிலோமீட்டர் தெற்கே, மெரினாவில் விரிந்து கிடக்கிறது. சென்னைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த மணற்பரப்பும் ராயபுரத்தின் கற்சுவரும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இயேசுவின் சீடரான பேதுருவை ராயப்பர் என்பார்கள், பவுலைச் சின்னப்பர் என்பார்கள். ராயப்பரின் ஊர் ராயபுரம். பேதுரு தொழிலால் மீனவர். அவர் பெயருக்குப் பொருள் பாறை. மீனவர் வாழும் ஊருக்கு மீனவரின் பெயர் வைத்ததில் வியப்பில்லை. பாறையைக் கொட்டித்தான் அந்த ஊரைக் காப்பாற்ற வேண்டிவரும் என்று பெயர் வைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தப் புனித ராயப்பர் ஆலயத்தை 1820களில் கட்டியவர்கள் பாதிரிமார்களோ கம்பெனிக்காரர்களோ அல்லர், படகுக்காரர்கள். துறையில் படகு ஓட்டிச் சம்பாதித்த கூலியிலிருந்து ஒதுக்கி வைத்த பணத்தில் எழுந்த கோயில் அது. கூலிக்காரர்கள் சேர்ந்து இவ்வளவு பெரிய மாதாகோயிலைக் கட்ட முடிந்தது என்றால், அவர்கள் செய்த தொழிலுக்கு அன்றைய மதராஸில் என்ன மதிப்பு இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

மதராஸ் ஒரு விசித்திரமான துறைமுக நகரம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் வாங்கியபோது துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. குடா இல்லை, கப்பல் நுழையும்படியான ஆற்றுமுகமும் இல்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேரான கரை, அதில் ஓயாமல் உடையும் அலை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டையாக இருந்தாலும் சரி, கவர்னராக இருந்தாலும் சரி, அலையைத் தாண்ட வேண்டும் என்றால் உள்ளூர்ப் படகில்தான் ஏற வேண்டும். இந்த ஏற்பாடு ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, இருநூறு வருடங்களுக்கு மேல் நீடித்தது.

அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மசூலா படகு என்று பெயர். அதில் ஒரு ஆணி கிடையாது. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் துணி தைப்பதுபோல் தைத்துச் சேர்த்திருப்பார்கள். ஆணியடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு இந்தக் கரையின் அலையில் மோதினால் விறைப்பாக நின்று உடைந்துபோகும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். தையல் வழியே தண்ணீர் கசியும், அதை இறைத்துக் கொட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெள்ளைக்காரப் பயணிகள் இந்தப் படகுச் சவாரியைப் பற்றி எழுதாத பயணக் குறிப்பே இல்லை என்னும் அளவுக்கு எழுதித் தள்ளியிருக்கிறார்கள். பெரும்பாலும் பயந்துபோய்த்தான். படகுக்குப் பக்கத்திலேயே கட்டுமரத்தில் ஆட்கள் வருவார்கள். யாராவது கடலில் விழுந்தால் தூக்கிக் காப்பாற்றுவதற்காக. எத்தனை அலை விட்டு எந்த அலையின் முதுகில் ஏறினால் கரையில் கவிழாமல் போய்ச் சேரலாம் என்ற கணக்கு படகுக்காரர்களின் தலைக்குள் மட்டும் இருந்தது. கம்பெனியிடம் பீரங்கி இருந்தது, பணம் இருந்தது, அந்தக் கணக்கு இல்லை. நகரம் பெருக்கப் பெருக்க இந்தத் துறைக்காரர்கள் கறுப்பர் நகரத்தின், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனின், மதிலுக்கு வடக்கே குடியேறினார்கள். ராயபுரம் அப்படித் திரண்ட பேட்டை.

கப்பல் நிற்கும் இடத்துக்கும் ஜார்ஜ் டவுன் வணிகர்களின் கிடங்குகளுக்கும் எட்டிய தொலைவில் இருந்ததால், ரயில் வந்தபோதும் அது ராயபுரத்துக்குத்தான் வந்தது. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. சுமார் நூறு கிலோமீட்டர். ஜூலை 1 முதல் பொதுமக்கள் டிக்கெட் வாங்கிப் போகத் தொடங்கினார்கள். பம்பாயில் 1853இலும், கல்கத்தாவில் 1854இலும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, மதராஸ் மூன்றாவது. ஆனால் முந்திக்கொண்ட அந்த இரண்டு ஊர்களின் முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தில் இருக்கிறது. வரிசையாக நிற்கும் உயரமான தூண்களும் செங்காவி நிறச் சுவருமாக, ஒரு நிலையம் என்பதைவிட ஏதோ சிற்றரசரின் வசந்த மாளிகை என்றுதான் தோன்றும். 2005இல் பழுதுபார்த்து வண்ணம் பூசினார்கள்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் பகல் நேரத்தில் போகலாம். கூட்டம் இருக்காது. தூண்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் யாருக்காக இத்தனை உயரம் என்று கேட்கத் தோன்றும். நான் போன அன்று அந்த நிழலில் ஒரு பெரியவர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்ததும் பெரிய வண்டிகள் மெல்ல மெல்ல அங்கே போய்விட்டன. 1922இல் ரயில்வே தலைமை அலுவலகமும் ராயபுரத்தை விட்டுப் போனது. இதை மறுபடியும் ஒரு முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை வடசென்னையில் பல ஆண்டுகளாக எழுகிறது. இடம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் பேச்சும் இருக்கிறது.

ரயில் போனது ஒரு இழப்பு என்றால், துறைமுகம் வந்தது வேறு வகை இழப்பு. அதைப் புரிந்துகொள்ள மணல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்வாக வருகிறது. சாய்ந்து ஏறும்போது மணலைக் கரையில் பக்கவாட்டாகக் கொஞ்சம் தள்ளுகிறது. திரும்பும்போது தண்ணீர் சரிவில் நேராக இறங்குகிறது. அடுத்த அலை மறுபடியும் சாய்வாகத் தள்ளுகிறது. ஒரு மணல்துகள் இப்படி ரம்பப் பல்போல் ஏறி இறங்கி, ஒவ்வொரு அலைக்கும் சில அடி தூரம் கரையோரமாகவே நகர்ந்து போகிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து வருகிறது, ஆகவே மணல் வடக்கே நடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் சில மாதங்கள் மட்டும் தெற்கே திரும்பி நடக்கிறது. போனதையும் வந்ததையும் கழித்துப் பார்த்தால், வருடந்தோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் சென்னையைத் தாண்டி வடக்கே போக வேண்டும். கடற்கரை என்பது அசையாத நிலம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஓர் ஆறு, தண்ணீருக்குப் பதில் மணல் ஓடுகிறது. ஒரு இடத்தில் கரை இருக்கிறது என்றால், அங்கிருந்து போன மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து மணல் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த ஆற்றுக்குக் குறுக்கே மதராஸில் அணை கட்டினார்கள். 1861இல் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்ட இரும்புப் பாலம் கால்களில் நின்றது, மணல் அதன் அடியில் போய்விட்டது. 1870களின் நடுவில் தொடங்கிய துறைமுக வேலை அப்படியல்ல. கரையிலிருந்து கடலுக்குள் நீண்ட தூரம் போகும் இரண்டு கற்சுவர்கள். ஒரு பெட்டியைக் கட்டி அதற்குள் அலையில்லாத தண்ணீரை உண்டாக்குவது திட்டம். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் வந்த புயல் சுவர்களைச் சிதைத்துப்போட்டது. மறுபடியும் கட்டினார்கள். முதலில் கிழக்குப் பார்த்து வைத்த வாசல் சரிப்படவில்லை. அலை உள்ளே புகுந்து கப்பலை ஆட்டியது, வாசலை மணல் அடைத்தது. 1904இல் துறைமுகத்தின் பொறுப்புக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை மூடிவிட்டு வடகிழக்கு மூலையில் புதிய வாசல் திறந்தார். இன்றைய சென்னைத் துறைமுகத்துக்கு உருவம் கொடுத்தவர் அவர்தான். படகுக்காரர்களின் இருநூறு வருடத் தொழில் அதோடு முடிந்தது. அதைப் பற்றி யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை.

தெற்கிலிருந்து நடந்து வந்த மணல் துறைமுகத்தின் தென்சுவரில் முட்டி நின்றது. நிற்க நிற்கக் குவிந்தது. கரை கிழக்கே கிழக்கே நகர்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டியபோது அலையின் சாரல் மதிலில் படும், இன்று கோட்டையில் நின்றால் கடல் கண்ணில் படாது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் கடலோரமாக நடைபாதை போட்டு, தான் சிசிலியில் பார்த்த இடங்களின் நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார். அவர் நடைபாதை போட்டபோது இருந்த கடற்கரை இன்றிருப்பதைப்போல் அகலமானதல்ல. அதற்குப் பிறகுதான் வருடத்துக்கு வருடம் விரிந்து, சராசரியாக 300 மீட்டர் அகலத்துக்கு வந்தது. மெரினாவைக் கடவுள் கொடுத்த கொடை என்று மேடையில் பேசுவார்கள். கடவுளுக்கு இதில் பாதிப் பங்குதான் உண்டு. மீதி, ஒப்பந்தக்காரர் கொட்டிய கல். கூவம் கடலில் சேரும் இடம் அடிக்கடி மணல் மூடிக்கொள்வதற்கும் இந்தச் சுவருக்குக் கணிசமான பங்குண்டு.

சுவருக்கு வடக்கே ராயபுரம். அலை வழக்கம்போல் அங்கிருந்த மணலை வடக்கே எடுத்துப்போனது. ஈடு கொடுக்கத் தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை. வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் வீட்டில் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. நூறு ஆண்டுகளில் கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் உள்ளே வந்தது. மீனவர்கள் படகை இழுத்துப்போடும் மணல் முதலில் போனது, பிறகு வலை காயவைக்கும் இடம், பிறகு வீடு. குப்பங்கள் ஒவ்வொரு வரிசையாக மேற்கே பின்வாங்கின. பின்வாங்க ஒரு எல்லை உண்டு, அங்கே சாலை வந்து மறித்தது. அதற்குப் பிறகுதான் கல்லைக் கொட்டத் தொடங்கினார்கள்.

இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லலாம். ஆரம்பத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தென்புறம் மணல் சேர்வது வேலை தொடங்கிய சில வருடங்களிலேயே பொறியாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. தென்புறம் சேர்ந்தால் வடபுறம் கரையும் என்பது கூட்டல் கழித்தல் கணக்கு. அவர்கள் கவலைப்பட்டது துறைமுக வாசல் அடைபடுவதைப் பற்றித்தான்.

இத்தனைக்கும் ராயபுரம் ஒரு காலத்தில் கடற்காற்றுக்காகப் பணக்காரர்கள் தேடிவந்த இடம். அரத்தூன் சாலை என்று இங்கே ஒரு தெரு இருக்கிறது. அரத்தூன் என்பது ஆர்மீனியப் பெயர், மதராஸில் வணிகம் செய்த ஆர்மீனியர்கள் விட்டுப்போன தடயம். அதே தெருவில் பார்சிகளின் அக்னி ஆலயம் இருக்கிறது. பிரோஜ் கிளப்வாலா என்ற பார்சி செல்வந்தர், சிறுவயதில் இறந்துபோன தன் மகன் ஜாலின் நினைவாகக் கட்டியது. 1910இல் ஏற்றிய நெருப்பு இன்றுவரை எரிகிறது. தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு வேறு அக்னி ஆலயம் கிடையாது. பார்சிகள் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, ஆகவே வாசலில் நின்று பார்த்ததோடு சரி. அமைதியான, தூண்கள் வைத்த முகப்பு. சுற்றிலும் மோட்டார் சைக்கிள் சத்தம், பக்கத்துத் தெருவில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு, மாதாகோயில் தெருப் பக்கமிருந்து மணியோசை. ராயபுரத்தில் மதங்கள் ஒன்றுக்கொன்று மரியாதை செய்வது பேசாமல் பக்கத்தில் இருப்பதன் மூலம்தான்.

மேற்கு விளிம்பில் ஸ்டான்லி மருத்துவமனை. வயதானவர்கள் இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1782இல் ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் சேர்ந்து கிராமத்து மக்களை நகரத்துக்குத் துரத்தியபோது, இங்கே கஞ்சி ஊற்றும் சத்திரம் ஒன்று எழுந்தது. மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் நாக்கில் மணியக்காரர் ‘மணேகர்’ ஆனார். கஞ்சி குடிக்க வந்தவர்களுக்கு வைத்தியமும் தேவைப்பட்டதால் மருத்துவமனை முளைத்தது. 1930களில் கவர்னர் ஸ்டான்லியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ராயபுரத்திலேயே ராமசாமி முதலியார் பெயரால் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியும் இருக்கிறது. வடசென்னைக்காரர்களிடம் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டால் அடிக்கடி காதில் விழும் பெயர் அதுதான்.

அரசியல் ஆர்வலர்களுக்கு ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. கட்சியைத் தொடங்கிய ஊர் ராயபுரம், தொடங்கியவர் 1969இல் அடக்கமானது மெரினாவின் வடகோடியில், துறைமுகம் வந்தபின் விரிந்த கரைப்பக்கம். அந்தக் கட்சி இதைக் கவனித்திருக்குமா என்று தெரியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

ராயபுரத்தின் இன்றைய முகம் என்றால் காசிமேடுதான். துறைமுகத்தின் வடசுவரை ஒட்டி, 1970களின் நடுவில் வேலை தொடங்கி 1980களில் பயன்பாட்டுக்கு வந்த மீன்பிடித் துறைமுகம். கரை போனபிறகு படகு நிறுத்த இடமில்லாத மீனவர்களுக்குக் கரைக்குப் பதிலாகக் கிடைத்த காங்கிரீட் தளம் என்றும் சொல்லலாம். இங்கே போக வேண்டிய நேரம் விடியற்காலை. விடிந்தபிறகு போகிறவர்கள் பார்ப்பது சில்லறை வியாபாரம், அசல் வியாபாரம் இருட்டிலேயே முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போயிருந்தேன். முதலில் காதில் விழுவது ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் கரகரப்பு. காலடியில் ஐஸ் நீரும் மீன் ரத்தமும் கலந்த சேறு, செருப்பு வழுக்கும், ரப்பர் காலணி போட்டவர்கள் மட்டும் நேராக நடக்கிறார்கள். விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசி நிற்கின்றன. உள்ளூர்ப் பேச்சில் அவை லாஞ்சுகள். கரைக்கு அடுத்ததாக நிற்கும் படகின் தளத்தைத்தான் பின்னால் நிற்கும் படகுக்காரர்களும் நடைபாதையாகப் பயன்படுத்துகிறார்கள். ஐந்தாவது படகிலிருந்து ஒரு கூடை சூரை மீன் கரைக்கு வர நான்கு படகுகளைத் தாண்ட வேண்டும். தூக்குகிறவர் ஒரு முறைகூடக் கீழே பார்ப்பதில்லை. குவித்துக் கொட்டிய மீனைச் சுற்றி ஆட்கள் வளைத்து நிற்க, ஏலக்காரர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். வெளியாளுக்கு யார் கேட்டார்கள், யாருக்கு முடிந்தது என்றே புரியாது. ஒரு தலையசைப்பு, ஒரு விரல், முடிந்தது. அடுத்த நொடி பெண்கள் அந்தக் குவியலைக் கூடை கூடையாகப் பங்கு பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். படகு ஆண்களுடையது என்றால் கரை பெண்களுடையது. வாங்கி, பிரித்து, கடன் சொல்லி, கடன் வசூலித்து, தெருத்தெருவாகக் கொண்டுபோவது வரை அவர்கள் கணக்கு.

விடிந்ததும் நகரத்தின் குடும்பங்கள் வரத் தொடங்குகின்றன. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கொடுவா என்று கேட்டு வாங்கியவர்கள் மீன் வெட்டுகிறவர்களின் வரிசைக்குப் போக வேண்டும். நான் வாங்கிய மீனைக் கையில் எடுத்துப் பார்த்த அம்மா, “குழம்புக்கா, வறுக்கவா தம்பி?” என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன். அரிவாள்மனை முன் உட்கார்ந்து செதில் சீவி, வயிற்றைக் கீறி, தலையை நெடுக்காகப் பிளந்து, துண்டுகளை இரண்டு பைகளில் பிரித்துக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் பக்கத்திலிருந்தவரோடு ஒரு கல்யாணச் செலவைப் பற்றிய பேச்சையும் முடித்துவிட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் காட்சி இருக்காது. மீன்கள் முட்டையிடும் காலம் என்று கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. 2016 வரை அது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் காசிமேட்டில் மீன் வாடையைவிட பெயின்ட் வாடை அதிகம். படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், எஞ்சினைப் பிரித்துப்போடுவார்கள், வலை பின்னுவார்கள். ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் மட்டும் பக்கத்துக் கடலுக்குப் போய்வரும். கிடைப்பது கொஞ்சம், விலை நெருப்பு.

வடசென்னை என்றதும் திரையில் கத்தியும் சண்டையும் காட்டுகிறார்கள். ராயபுரத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சலித்துப்போய்ச் சிரிப்பதோடு சரி. தெருமுனையில் கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் கூட்டம்தான் இந்தப் பக்கத்தின் அன்றாடக் காட்சி. மேலே தொங்கும் ஒற்றை பல்பு, பலகையில் தூவிய போரிக் பவுடர், ராணியை விழுத்தாட்டும்போது மட்டும் எழும் ஒரு ‘ஹா’. குத்துச்சண்டையும் இங்கே தலைமுறைத் தொழில்போல் வந்த ஒன்று. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் மீன்பிடித்தவர்களும் மாலையில் கையுறை மாட்டிக்கொண்ட பரம்பரைகள் வடசென்னை முழுக்க இருந்தன.

ராயபுரத்தின் முரட்டுத்தனம் என்று வெளியே சொல்லப்படுவதில் பெரும்பகுதி, நகரம் தனக்கு வேண்டாத வேலைகளை எல்லாம் ஒரே திசையில் தள்ளியதன் விளைவு. துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியும் இரும்புத்தாதுவும் தூசியாகப் பறந்து பல ஆண்டுகள் இந்தப் பக்கத்து வீடுகளில் படிந்தன. துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலையில் சாம்பல் நிறமாக இருக்கும். வழக்கு நடந்து, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை அங்கே கையாளக் கூடாது என்றது. நிலக்கரி போய்விட்டது. எங்கே போனது? எண்ணூருக்கு, இன்னும் வடக்கே. குப்பை கொடுங்கையூருக்குப் போகிறது, அனல்மின் நிலையங்கள் எண்ணூரில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மணலியில். எல்லாமே வடக்கே வருகிறது. மணல் ஒன்றுதான் வருவதில்லை.

கடல் அரிப்புக்கும் இதே திசைதான். ராயபுரத்தில் கல் கொட்டினால் ராயபுரத்துச் சாலை தப்பும், ஆனால் சுவரில் மோதித் திரும்பும் அலை முன்னால் மிச்சமிருக்கும் மணலையும் வாரிக்கொண்டு போகும். சுவர் முடிகிற இடத்தில் அடுத்த குப்பம் கரையத் தொடங்கும். அங்கேயும் கல். இப்படியே திருவொற்றியூர், எர்ணாவூர் என்று எண்ணூர் விரைவு சாலையோடு சேர்ந்து கற்சுவரும் வடக்கே நீண்டது. பிறகு தூண்டில் வளைவுகள் வந்தன. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் குட்டைச் சுவர்கள். நடந்துபோகும் மணலைப் பிடித்து வைப்பதற்காக. துறைமுகம் பெரிய அளவில் தெரியாமல் செய்ததைச் சிறிய அளவில் தெரிந்தே செய்கிற வேலை. சில இடங்களில் பலன் கிடைத்திருக்கிறது, இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு பிறைத்துண்டு மணல் திரும்பி வந்திருக்கிறது. கடைசி வளைவுக்கு வடக்கே யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அடுத்த முறை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது காசிமேட்டில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அன்று மெரினாவிலும் உயிர்கள் போயின, அகலமான மணலும் முழுதாகக் காப்பாற்றவில்லை. ஆனால் அலை தன் வேகத்தைச் செலவழிக்க அங்கே முந்நூறு மீட்டர் இருந்தது. வடக்கே வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கற்குவியல் மட்டும்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை அந்தக் கற்குவியலோரம் நடந்தேன். விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலுக்காக வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாலைத் தடுப்பின்மேல் நீல வலைகள் காய்ந்தன. வாடைக்காற்று தொடங்கியிருந்தது, அலை வடகிழக்கிலிருந்து வந்தது. வருடத்தில் இந்தச் சில மாதங்கள்தான் மணல் வடக்கிலிருந்து தெற்கே நடக்கிறது. ஒரு தூண்டில் வளைவின் வடபுறம், கல்லின் மடியில், பத்துப் பதினைந்து அடிக்கு ஈர மணல் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் அதற்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மீன்கூடையைக் கவிழ்த்து ஸ்டம்பாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து நேராகக் கடலுக்குப் போனால் அவுட் என்பது விதி. தை மாசி வரை ஆடலாம் என்றான் ஒரு பையன், அதற்குப் பிறகு இடம் இருக்காது.